இருபத்திரண்டு பல்லும் ஒரு மஞ்சள் புள்ளியும்

சைக்கிள் கடைக்காரனிடம் வருகிற ஒவ்வொருவரும் மேட்டைத்தான் கழற்றிக் கீழே வைக்கச் சொல்வார்கள். நம்மால் கழற்ற முடிவதோ சக்கரம் மட்டும். கணுவாயில், தடாகம் ரோட்டு ஓரத்தில், இருபத்தாறு வருசம் கடை நடத்தினேன். வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான் தெரியும். அந்த மலையில் மிதித்து ஏறி முட்டி தேய்ந்தவர்களும், அப்படித் தேய்ந்தவர்களிடம் ஏச்சு வாங்கியவர்களும் இதைப் படித்தால் நாம் சொந்தக்காரர்கள். மற்றவர்கள் பஸ்ஸில் வந்தவர்கள், அவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

ஒன்றே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பின்சக்கரத்தின் நடுவில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். ஃப்ரீவீல் என்போம். சாதாரண சைக்கிளில் அதற்குப் பதினெட்டுப் பல். அதை எடுத்துவிட்டு அதிகப் பல் உள்ளதைப் போட்டால் மிதி லேசாகும், வேகம் குறையும். வித்தை இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு நான் 'மலை டாக்டர்' என்று பெயர் வாங்கினேன். வாங்கினேன் என்றால், நானே வைத்துக்கொண்டேன்.

மற்றது புதுசாக இருக்கட்டும்

தொண்ணூற்று மூன்று, நாலு வாக்கில் கியர் சைக்கிள் எங்கள் பக்கம் தலைகாட்டியது. செங்கல் சூளைக்காரர் ஒருவர் தன் மகனுக்கு ஒன்று வாங்கினார். பின்னால் ஐந்து பல்சக்கரம், படிக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். எல்லாவற்றிலும் பெரியதற்கு இருபத்தெட்டுப் பல். நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், நகைக்கடைக்குள் நுழைந்தவன் மாதிரி. மகன் சென்னைக்குப் படிக்கப் போய்விட்டான். அப்பா அதை எடுத்து ஓட்டத் தொடங்கினார்.

ஒரு வருசம் கழித்து, செயின் நழுவுகிறது என்று கொண்டுவந்தார். ஐந்தில் நடுவில் இருந்த ஒன்று மட்டும் மீன்முள் மாதிரித் தேய்ந்து கிடந்தது. மற்ற நாலிலும் கம்பெனியில் தடவிய கிரீஸ் அப்படியே இருந்தது. மருதமலை அடிவாரம் வரைக்கும் அந்த ஒன்றிலேயே நாக்குத் தள்ள மிதித்திருக்கிறார். பெரிய பல்லுக்கு மாற்றினால் மேடு லேசாக இருக்குமே என்று நான் சொன்னதும், ஊதாரித்தனம் கற்றுக்கொடுக்க வந்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் ஒரே சமயத்துல எதுக்குங்க தேய்க்கறது? ஒண்ணு தேயட்டும். மத்தது பையன் வாரப்ப புதுசா இருக்குமில்லீங்க."

மூன்றாவது வளைவு

அதற்கடுத்த வருசம் சித்திரையில் ஆறுச்சாமி வந்தார். தடாகத்துக்காரர். மில்லில் நூல் கோன்களை எண்ணிப் பெட்டியில் அடுக்குகிற வேலை, எப்போதும் மத்தியான ஷிப்ட். ஒரு வாக்கியம் பேசினால் அடுத்த வாக்கியத்துக்கு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நிதானம். அவருடைய சைக்கிள் கேரியரில் சாக்குத்துணியில் தைத்த மெத்தை ஒன்று கட்டியிருந்தது. அது அவர் சம்சாரம் ருக்குமணி உட்காருகிற இடம்.

ருக்குமணிக்கு மாங்கரைக்கு மேலே, மலைக்குள் இருக்கிற ஒரு சின்ன ஊரில் பால்வாடி டீச்சர் வேலை. பஸ் ஒன்று உண்டு. ஆனால் அது போய்ச் சேருகிற நேரத்துக்குப் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கியிருக்கும். அதனால் தினமும் காலையில் ஆறுச்சாமிதான் மிதித்துக்கொண்டுபோய் விடுவார். வழியில் மூன்று வளைவு. மேடு செங்குத்தாகிற அந்த மூன்று இடத்திலும் அந்த அம்மணி இறங்கி நடக்க வேண்டும். எத்தனையோ வருசமாக இறங்கி நடந்தவர்தான். இந்த வருசம் நடந்தால் மூச்சு வாங்குகிறது, சாலை ஓரக் கல்லில் உட்கார்ந்துவிடுகிறார் என்றார். வேலையை விட்டுவிடச் சொன்னால் கேட்கவில்லையாம். பத்தொன்பது பிள்ளைகள் வாசலில் நிற்கும், யார் கதவைத் திறப்பது என்கிறாராம்.

சுமை ஏற்றுகிற மூன்று சக்கர வண்டிக்குப் போடுகிற இருபத்திரண்டு பல் ஃப்ரீவீல் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் போட்டால் சமதளத்தில் ஆமை மாதிரித்தான் போக வேண்டியிருக்கும், மில்லுக்கு நேரமாகிவிடும் என்று முன்கூட்டியே சொன்னேன்.

"வேகம் போனாப் போகுதுங்கண்ணா. அவ எறங்கக் கூடாது, அவ்வளவுதான்."

யானையும் மணியும்

பல் மாற்றிய மறுவாரம் இரண்டு பேரும் காற்றடிக்க வந்தார்கள். ஒரு நாளைக்கு நாலு பொய் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. ருக்குமணியைப் பார்த்ததும் என் யானைக் கதையை எடுத்துவிட்டேன். ஒருநாள் காலையில் நான் மலையேறிக்கொண்டிருக்கிறேன், மாங்கரை தாண்டி ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கொம்பன் நிற்கிறது, நான் பயப்படவில்லை, மணியை இரண்டு தடவை அடித்தேன், அது மரியாதையாக ஒதுங்கி நின்றது, நான் தாண்டியதும் தும்பிக்கையால் கேரியரைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளிவிட்டது, மலை மேலே ஆனைகட்டி வரைக்கும் நான் மிதிக்கவே இல்லை. இதுதான் கதை. பக்கத்தில் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்த கனி பாய் இதை நூறு தடவை கேட்டவர். எழுந்து உள்ளே போய்விட்டார்.

ருக்குமணி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். உருண்டையான முகம், சிரித்தால் கேரியரே குலுங்கும். அடுத்த வாரம் வந்தபோது, என் கதையைப் பால்வாடியில் சொன்னதாகச் சொன்னார். அந்தப் பிள்ளைகள் தினமும் யானை முகத்தில் விழிக்கிறவர்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. என்ன சொன்னார்கள் என்று ஆசையாகக் கேட்டேன். முகத்தை டீச்சர் மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார்:

"யானை மணிக்கு ஒதுங்காதாமுங்க. மணி அடிச்சவனைத்தான் ஒதுக்குமாமுங்க."

மஞ்சள் புள்ளி

ஆடி பிறக்கும்போது ஆறுச்சாமி மறுபடி வந்தார், தனியாக. இரண்டு வளைவு ஏறிவிடுகிறாராம், மூன்றாவதில் முடியவில்லையாம். அங்கே இறங்கி நடந்தால் ருக்குமணிக்கு முன்னைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறதாம். இன்னும் இரண்டு பல் கூட்ட முடியுமா என்றார். மலை டாக்டர் முடியாது என்று சொல்லலாமா? நாளைக்கு வாருங்கள், இருபத்திநாலு போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டவுன்ஹால் பக்கம் உள்ள உதிரிபாகக் கடைகளில் எல்லாம் ஏறி இறங்கினேன். அப்படி ஒரு ஃப்ரீவீலே வருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். வாய் முதலிலேயே போய் உட்கார்ந்துவிடும், கை பின்னால் தேடிக்கொண்டு ஓடும். மறுநாள் அவர் வந்ததும் சக்கரத்தைக் கழற்றி உள்ளே எடுத்துப்போனேன். அதே இருபத்திரண்டை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு, புதுசு மாதிரி பளபளவென்று துடைத்து, மேலே மஞ்சள் பெயின்டில் ஒரு புள்ளி வைத்து, திரும்ப மாட்டிக் கொடுத்தேன். மஞ்சள் புள்ளி வைத்தது இருபத்திநாலு பல் என்றேன். அவர் குனிந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காசைக் கொடுத்துவிட்டு மிதித்துப் போனார்.

பத்துநாள் கழித்து ருக்குமணியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பேசாத மனுசன் அன்றைக்குக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசினார். மூன்றாவது வளைவிலும் இறங்காமல் ஏறிவிட்டார்களாம். நான் இரண்டு நாள் சிரித்தேன். யாரிடம் சொல்லவில்லை என்று கேளுங்கள். பார்த்தீர்களா, மனுசனுக்கு மனசுதான் பல் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உபதேசம் வேறு. சூளையில் கல் சுமக்கிற ஒருவர் தன் சைக்கிளுக்கும் மஞ்சள் புள்ளி வைக்கச் சொல்லி வாங்கிப்போனார். அவருக்கும் லேசாகத்தான் இருந்ததாம். ஆனால் ஆறுச்சாமி மாதிரி ஒருவரும் பாராட்டவில்லை.

"மூச்சே வாங்கலீங்கண்ணா. அவ பின்னாடி இருக்கறதே தெரியலீங்க. எல்லாம் அந்தப் பல்லுதானுங்க."

அமுங்காத டயர்

புரட்டாசியில் ஒரு காலை. இரண்டு பேரும் மலைக்குப் போகிற வழியில் காற்றடிக்க நின்றார்கள். ருக்குமணி இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்தார். மணிக்கட்டில் நிற்க வேண்டிய வளையல் முழங்கை வரைக்கும் ஏறி நின்றது. முகத்தில் அந்த உருண்டை இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்காதே. மலைக்காற்று நன்றாக ஒத்துக்கொண்டது போலிருக்கிறது, புதுப்பெண் மாதிரி இளைத்துவிட்டீர்கள் அம்மணி என்றேன். அவர் சிரித்தார். கேரியர் குலுங்குகிற சிரிப்பு இல்லை அது. ஆறுச்சாமி அவசரமாக, பல் மாற்றிய பிறகு சைக்கிள் காற்றாகப் பறக்கிறது என்று மறுபடி ஆரம்பித்தார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அவர்கள் கிளம்பிப் போனதும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கனி பாய் பட்டறை வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அன்றைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடப் பேசினார்.

"அண்ணா, சித்திரையில அந்தம்மா ஒக்காந்தா பின் டயர் பாதி அமுங்கும். இன்னிக்கி ஒக்காந்தாங்க. டயர் அமுங்கலை."

நான் சொன்ன உண்மை

அன்று மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிட்டேன். மஞ்சள் புள்ளியும் இல்லை, மனசும் இல்லை. சைக்கிள் லேசாகவில்லை. அந்த அம்மணி லேசாகிக்கொண்டிருந்தார். மூன்று வளைவையும் அவர் உடம்புதான் ஒவ்வொரு கிலோவாகக் கரைத்துக் கொடுத்திருக்கிறது. அதற்கு நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. இனியாவது ஒரு நிஜமான பல்லைப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று சூளைக்காரரிடம் போனேன். அவர் சைக்கிளில் கிரீஸ் மாறாமல் இருந்த அந்த இருபத்தெட்டுப் பல் சக்கரத்தை மட்டும் கேட்டேன். அதைக் கனி பாய் ஒரு பழைய ஃப்ரீவீல் மேல் வைத்துப் பற்றவைத்துவிடுவார், அந்த இடத்தில் வேறு ஒன்றை நான் போட்டுத் தருகிறேன் என்றேன். எதற்கு என்று கேட்டார். நடந்ததை முதலில் இருந்து சொன்னேன். வாழ்நாளில் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் நான் சொன்ன ஒரே கதை அதுதான். சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிபடவில்லை.

அவர் முழுவதும் கேட்டார். வேலையாளைக் கூப்பிட்டு எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். பிறகு என் தோளில் தட்டி எழுப்பிவிட்டார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. உங்க யானைக் கதையைவிட இது எச்சு நல்லா இருக்குதுங்க."

கோன் எண்ணுகிறவர்

அதற்குப் பிறகு அவர்கள் இருவரையும் ரோட்டில் பார்க்கவில்லை. ஐப்பசி அடைமழையில் பாதி நாள் கடையே திறக்கவில்லை. கார்த்திகை முடிகிற சமயம் ஆறுச்சாமி தனியாக வந்தார். தலை மொட்டை. கேரியரில் சாக்கு மெத்தை அப்படியே கட்டியிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. காரியமெல்லாம் ஆகிவிட்டது என்றார். கடைசி இருபது நாள் பெரியாஸ்பத்திரியில் இருந்தாராம்.

இப்போதும் தினமும் காலையில் மலைக்குப் போகிறாராம். புது டீச்சர் இன்னும் போடவில்லை. அதுவரைக்கும் சமையல்காரப் பெண் ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள். சாவி இவரிடம் இருக்கிறது, இவர் போய்க் கதவைத் திறந்துவிட்டு வருகிறார். சாவியை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிடலாமே என்று நான் கேட்கவில்லை. ஏற முடியவில்லை என்று மட்டும் சொன்னார். கேரியரில் ஆள் இல்லாமலே மூன்றாவது வளைவில் இவர் இறங்கித் தள்ளுகிறாராம். இன்னும் இரண்டு பல் கூட்ட முடியுமா என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, ஆடியில் நான் பல்லே மாற்றவில்லை, மஞ்சள் புள்ளி மட்டும்தான் வைத்தேன், ஏமாற்றிவிட்டேன் என்று சொன்னேன். காலில் விழாத குறை. அவர் சைக்கிள் சீட்டின் மேல் கையை வைத்தபடி, வழக்கமான நிதானத்தில், ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"தெரியுமுங்கண்ணா. அன்னைக்கே ஊட்டுக்குப் போயி எண்ணிப் பார்த்தேன், இருவத்திரண்டுதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரி டாக்டர் அதுக்கு முந்தின வாரமே, அவ தேறமாட்டான்னு என்கிட்ட மட்டும் சொல்லிப்போட்டாருங்க. அவளுக்குத் தெரியாது. மேடு ஏன் இத்தனை லேசா இருக்குதுன்னு அவ கேட்டா நான் என்னத்தைச் சொல்றது? நல்லவேளைக்கு நீங்க மஞ்சப் புள்ளி வெச்சுக் குடுத்தீங்க. உங்க கடையில நின்னு அத்தனை சத்தமாப் பேசுனது உங்களுக்காக இல்லீங்க, பின்னாடி அவ கேட்டுட்டு இருந்தாளுங்க."

இருபத்தெட்டு

ஆறுச்சாமி போன மறுநாள், நான் கடை திறப்பதற்கு முன்பே சூளைக்காரர் வாசலில் நின்றிருந்தார். ருக்குமணி போனது அவருக்கும் தெரிந்திருக்கிறது. செங்கல் இறக்கப் போன அவருடைய லாரிக்காரர் சொன்னாராம். ஒரு பழைய துண்டில் சுற்றி எதையோ என் கையில் வைத்தார். இருபத்தெட்டுப் பல் சக்கரம். கிரீஸ்கூடக் கலையவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் கேட்டபோதே கொடுத்திருக்க வேண்டும் என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. கேட்டபோது நம்புகிற மாதிரி ஒரு ஆளாக நான் இருந்திருக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. டீ மட்டும் குடித்தோம்.

கனி பாய் அன்று வேறு வேலை எடுக்கவில்லை. பழைய ஃப்ரீவீல் ஒன்றின் மேல் அந்தச் சக்கரத்தை உட்காரவைத்து, கோணல் இல்லாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பித்தளை உருக்கி ஒட்டினார். மில்லுக்குப் போகிற வழியில் ஆறுச்சாமியை நிறுத்தி, நான் செயினில் நாலு கண்ணி கூட்டி, சக்கரத்தை மாட்டி, கையால் சுழற்றிவிட்டேன். அப்படி ஒரு லேசான மிதியை அதற்கு முன்னும் நான் செய்யவில்லை, அதற்குப் பின்னும் செய்யவில்லை. சுவர் மேலேகூட ஏறிவிடும். இது பொய் இல்லை. சரி, சுவர் மட்டும் பொய்.

பெயின்ட் டப்பா பக்கத்திலேயேதான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. ஆறுச்சாமி எடுத்துப்போய் ஒரு வாரம் மலையேறிவிட்டு, மில்லுக்குப் போகிற வழியில் கடை முன்னால் ஒரு காலை ஊன்றி நின்றார். எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வராத நாள் என்று அது ஒன்றுதான். கேட்காமலே அவர் சொன்னார்.

"எண்ணிட்டேனுங்கண்ணா. இருவத்தெட்டு சரியா இருக்குது. கனந்தான் போகமாட்டீங்குது."

ஆனைகட்டி ரோட்டில் என்னைவிடப் பெரிய பொய்யன் கிடையாது என்று அத்தனை வருசம் நான் சுமந்து திரிந்த பட்டத்தை, வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்ன, அதையும் தன் சம்சாரத்துக்காகச் சொன்ன, கோன் எண்ணுகிற ஒரு மனுசன் என் கடை வாசலில் இருந்தே மிதித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.